குடும்பமாக 5 கிலோமீட்டர்: பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஐந்து பேர். முதல் ஆண்டு பயிற்சியைத் தொடங்கியபோது எனக்கு 42 வயது, கணவருக்கு 45, மகளுக்கு 13, மகனுக்கு 9. பிள்ளைகள் 'அம்மிச்சி' என்று அழைக்கும் என் அம்மாவுக்கு 67. ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானின் 5 கிலோமீட்டர் பிரிவில் மூன்று ஆண்டுகளாகக் குடும்பமாகக் கலந்துகொள்கிறோம். அந்த முதல் ஆண்டில், குடும்பமாக ஓடுவது என்றால் ஐந்து பேரும் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் ஓடுவது என்று நினைத்துவிட்டோம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் கணவருக்கு ஓடிய நிறைவு கிடைக்கவில்லை, மகன் பின்தங்கிப் போய் அழுதான், அம்மா "நான் வந்தா உங்களுக்குத்தான் கண்ணு தாமசம்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் கண்டுகொண்ட வழி எளிமையானது: தூரத்தை அளவாக வைத்துக்கொள்ளாமல் நேரத்தை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும், எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகத் திரும்ப வேண்டும், நடுவில் அவரவர் வேகம் அவரவருக்கு. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த ஒரு முடிவின் மேல் கட்டப்பட்டது.

எந்தப் போட்டி, எந்தத் தூரம்

முதல் முறை முயலும் குடும்பத்துக்கு 5 கிலோமீட்டரே சரியான தூரம். நடந்தே முடித்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் முதியவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களுக்கும் வேகத்தைக் கூட்டிப் பார்க்க அது போதுமான தூரம்தான். 10 கிலோமீட்டரும், 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தானும் வீட்டில் விருப்பமுள்ள பெரியவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் தனியே எடுத்துக்கொள்ள வேண்டியவை. 2013-இல் தொடங்கி, புற்றுநோய் விழிப்புணர்வுக்கும் நோயாளிகளின் உதவிக்கும் நிதி திரட்டும் நோக்குடன் நடத்தப்படும் கோவைப் போட்டியில் இந்த மூன்று தூரங்களும் உண்டு. சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது. உங்கள் ஊரில் எது நடந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் வயது வரம்பைப் படித்துவிடுங்கள். முழு மாரத்தானுக்குப் பெரும்பாலும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறுகிய தூரங்களுக்கான வரம்பு போட்டிக்குப் போட்டி மாறும், அது பதிவுப் படிவத்திலேயே இருக்கும்.

பிள்ளைகளின் விஷயத்தில் பெற்றோரின் ஆர்வம் எல்லை மீறிப் போவதுண்டு. 2006-இல் ஒடிசாவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரே மூச்சில் 65 கிலோமீட்டர் ஓடவைக்கப்பட்டபோது நாடே வியந்து பார்த்தது. பின்னர் அம்மாநிலக் குழந்தைகள் நலத் துறை தலையிட்டு அவனுடைய நெடுந்தூர ஓட்டங்களைத் தடுத்தது. குழந்தையால் முடிகிறது என்பது வேறு, குழந்தைக்கு அது தகும் என்பது வேறு. நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விளையாட்டாக ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர்; எட்டு முதல் பன்னிரண்டு வரை, நடுநடுவே நடந்து 5 கிலோமீட்டர்; அதற்கு மேல் பிள்ளையே கேட்டால் மட்டும் அடுத்த படி. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்றாக அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் விளையாட்டும் சைக்கிளும் நீச்சலும் எல்லாம் அடங்கும். அந்த 60 நிமிடத்தையும் ஓட்டமே விழுங்கிவிடக் கூடாது.

முதலில் மருத்துவர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தாண்டிப் போகக் கூடாது. நாற்பதைக் கடந்தும் இதுவரை பயிற்சி எதுவும் செய்யாதவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், மாடி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்பவர்கள், இளம் வயதில் மாரடைப்பு வந்த உறவினர் உடையவர்கள் ஆகியோர் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போதோ அதற்குச் சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்பதால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் பேசி முடிவு செய்வதோடு, சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருக்கவும் வேண்டும். என் அம்மாவுக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. ஒவ்வொரு முறை நடந்து வந்த பிறகும் அவருடைய உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பேத்தி பார்த்துச் சொல்கிறாள், ஏனென்றால் உணர்வு மங்கிய காலில் கொப்புளம் வந்தால் வலியே தெரியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர், கூட ஓடும் பெரியவரின் கையில் இருக்க வேண்டும். காரில் இருந்தால் பயனில்லை.

அடுக்களையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஓட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதை எழுதுவதில்லை. எனக்கு இதுவே முதன்மையானது. காலை 5.45-க்குக் குடும்பம் முழுவதும் வெளியே கிளம்ப வேண்டும் என்றால், ஏழரை மணிக்குள் இரண்டு டிபன் பெட்டிகளும் காலைச் சிற்றுண்டியும் தயாராக இருக்க வேண்டிய வீட்டில், பிள்ளைகளின் அம்மா நாலேகாலுக்கு எழுந்து குழம்பு வைத்துவிட்டு ஓட வருவாள். அவளுக்கு அது பயிற்சி ஆகாது, தூக்கத்தில் ஏற்படும் இழப்புதான் மிஞ்சும். இரண்டு வாரத்தில் அவள் விலகிக்கொள்வாள். அதோடு மற்றவர்களின் ஓட்டமும் நின்றுவிடும்.

ஆகவே பயிற்சி அட்டவணையை எழுதும் அதே தாளில் சமையல் அட்டவணையையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் செவ்வாய், வியாழன் இரண்டு நாட்களும் முந்தைய இரவே காய் நறுக்கி, தேங்காய் துருவி, சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்து எடுத்துவைப்பது கணவரின் பொறுப்பு. தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பி, சீருடையை எடுத்துவைப்பது பிள்ளைகளின் பொறுப்பு. அந்த இரு நாட்களும் காலையில் இட்லி மட்டுமே, வேறு எதற்கும் பேச்சில்லை. ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிட வேண்டும் என்பது பெரியவர்களின் கைப்பேசிக்கும் பொருந்தும்.

காலணி

முதல் ஆண்டு மகனுக்கு ஓட்டக் காலணி வாங்கும்போது, பள்ளிக் காலணிக்குச் செய்வதுபோலவே "அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும்" என்று ஒன்றரை அளவு பெரிதாக வாங்கினேன். மூன்றாம் நாள் ஓட்டம் முடிந்து வாசலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினான். சாக்ஸின் குதிகால் பகுதி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாலணா அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பத்து நாள் அவனால் ஓட முடியவில்லை, பள்ளிக்கே செருப்புப் போட்டுத்தான் போனான். வளரும் காலுக்கு இடம் விட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம், நிற்கும்போது மிக நீண்ட கால்விரலுக்கும் காலணியின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் மட்டுமே. குதிகால் பின்னால் வழுக்கக் கூடாது.

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது அணியப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு காலுக்கும் அளவு பாருங்கள், பெரிய காலுக்கு வாங்குங்கள். பள்ளியின் வெள்ளைக் கேன்வாஸ் காலணி விளையாட்டு வகுப்புக்குப் போதும், வாரம் மூன்று நாள் தார்ச்சாலையில் ஓட அதன் அடிப்பகுதி போதாது. விலை உயர்ந்தது வேண்டியதில்லை. பெரியவர்களின் காலணி ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும்; பிள்ளைகளின் காலணி தேய்வதற்கு முன் சிறிதாகிவிடும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முனையை அழுத்திப் பாருங்கள்.

இடமும் நேரமும்

வண்டி நடமாட்டம் இல்லாத, வெளிச்சமுள்ள, ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் பாதையே குடும்பத்துக்கு ஏற்றது. கோவையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதை எங்களுக்கு வாய்த்திருக்கிறது: ஒரு சுற்று ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர், இரண்டு சுற்று வந்தால் போட்டியின் முழுத் தூரம். மர நிழல் உண்டு, விடியற்காலையிலேயே ஆள் நடமாட்டம் உண்டு, யாராவது சோர்ந்து உட்கார்ந்தாலும் அடுத்த பத்து நிமிடத்தில் வீட்டு ஆள் ஒருவர் அந்த வழியாக வந்தே தீருவார். மதுரைக்காரர்களுக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள பாதையும், சென்னைக்காரர்களுக்கு பெசன்ட் நகர், மெரினா கடற்கரை ஓரங்களும் இப்படிப் பயன்படும். விளையாட்டு மைதானத்தின் 400 மீட்டர் தடமும் நல்லதே, ஆனால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். சாலையோரம் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, வெளிர் நிறச் சட்டையோடு, காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் ஓடுங்கள். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்.

எங்கள் ஊரில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் பிற்பகலிலும் இரவிலும் கொட்டுகிறது. காலையில் ஓடுபவர்களுக்கு அதிக நாட்கள் வீணாவதில்லை. இடி இடிக்கும்போது மட்டும் வெளியே போகவே கூடாது.

ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகத் திரும்பும் முறை

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ தொடக்க இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நொடியில் புறப்பட வேண்டும். இன்றைய பயிற்சி 24 நிமிடம் என்றால், 12 நிமிடம் முடிந்ததும் எங்கே இருந்தாலும், அவரவர் அதே இடத்தில் திரும்பி, வந்த வழியே வர வேண்டும். கணவர் அதற்குள் இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார், அம்மா ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். போன வேகத்திலேயே திரும்பினால் இருவரும் ஒரே நேரத்தில் அந்த மரத்தடிக்கு வந்து சேர்வார்கள். திரும்பும் பாதையில், முன்னால் போனவர்கள் மெல்லப் போனவர்களை நோக்கி வருகிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடுவோம். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை, யாரும் தாமதம் செய்தவர் ஆவதில்லை. அம்மா மறுபடியும் வரத் தொடங்கியது இந்த முறைக்கு மாறிய பிறகுதான்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சீரான வேகம் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. குறிப்பாக ஒன்பது வயதுப் பையனுக்கு முடியவே முடியாது. 'கிளம்பு' என்றதும் அம்பு மாதிரிப் பாய்ந்து, 400 மீட்டரில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். இந்த முறையில், போகும்போது அளவுக்கு மீறி ஓடியவர் திரும்பும்போது கட்டாயம் பிந்துவார், எதற்காகப் பிந்தினார் என்பதும் அவருக்கே தெரிந்துவிடும். நான்கைந்து முறை மரத்தடிக்குக் கடைசியாக வந்த பிறகு, யாரும் சொல்லாமலே, என் மகன் முதல் ஐந்து நிமிடத்தை அடக்கி ஓடப் பழகினான்.

வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரமோ இதயத் துடிப்புக் கருவியோ தேவையில்லை. ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டில் நான்கு வரியை இடையில் திணறாமல் சொல்ல முடிய வேண்டும். ஒரு வரிக்கே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்; பத்து வரியும் பாடம் ஒப்பிப்பதுபோல வந்தால் கொஞ்சம் கூட்டலாம். பெரியவர்களுக்கும் இதே அளவுதான்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியே ஓட விடக் கூடாது. ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் வேகத்தில், அதன் கூடவே ஓட வேண்டும். அந்தப் பொறுப்பை அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டால் இருவருக்கும் தங்கள் வேகத்தில் ஓட நாள் கிடைக்கும். லண்டனின் புஷி பூங்காவில் 2004-இல் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் இலவசமாக நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன் ஓட்டத்தில், 11 வயதுக்குட்பட்ட பிள்ளை எப்போதும் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிரிட்டனிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, போட்டிக்கு முந்தைய ஒத்திகைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பன்னிரண்டு வாரங்கள்

டிசம்பர் மூன்றாம் வாரத்துப் போட்டிக்குக் காலாண்டுத் தேர்வு முடியும் செப்டம்பர் இறுதியில் தொடங்கினால் கணக்கு சரியாக வரும். வாரத்தில் மூன்று நாள் போதும்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் ஐந்து நிமிடமும் நடை. கீழே சொல்லும் நிமிடங்களில் இவை சேரா.

ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பது இதன் நோக்கம் அன்று. களைப்பதற்கு முன்பே, முதல் நிமிடம் முடிந்ததுமே நடந்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். கைப்பேசியில் நிமிடத்துக்கு நிமிடம் ஒலி எழுப்பும் செயலியோ, அப்படி ஒலி எழுப்பும் எளிய கைக்கடிகாரமோ ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. நடந்து மட்டுமே வரும் முதியவர்கள், 'ஓட்டம்' என்ற இடத்தில் வேக நடையும் 'நடை' என்ற இடத்தில் மெதுநடையும் என்று வைத்துக்கொண்டால் எல்லோருடைய கடிகாரமும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

முதல் இரண்டு வாரமும் 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, எட்டு முறை. மொத்தம் 24 நிமிடம். இது மிக எளிதாகத் தோன்றும். எளிதாகவே இருக்கட்டும், யார் கேட்டாலும் கூட்டாதீர்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநார்களும் எலும்பும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். புதியவர்களுக்கு வரும் காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன: மூச்சு 'ஓடு' என்று சொல்லும், கணுக்கால் இன்னும் ஆயத்தமாகியிருக்காது. மூன்றாவது, நான்காவது வாரங்களில் 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, ஏழு முறை. ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, ஏழு முறை.

இதற்கு இடையில் தீபாவளி வரும். அந்த வாரத்தைப் பயிற்சியிலிருந்து வெளிப்படையாகவே விட்டுவிடுங்கள். ஊருக்குப் போயிருந்தால் வயல்வரப்பில் நடந்தால் போதும். தீபாவளி இரவின் பட்டாசுப் புகை மறுநாள் காலையிலும் தரையோடு தங்கியிருக்கும் என்பதால், அன்று, அதுவும் ஆஸ்துமா உள்ள பிள்ளையோடு, வெளியே ஓடப் போகவே கூடாது. திரும்பி வந்ததும் விட்ட வாரத்தை இரட்டிப்பாக்கி ஈடுகட்ட முயலாமல், முந்தைய வாரத்தின் அளவிலேயே மறுபடி தொடங்குங்கள்.

ஏழாவது, எட்டாவது வாரங்களில் 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, ஆறு முறை. ஒன்பதாவது, பத்தாவது வாரங்களில் 6 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, ஐந்து முறை; இப்போது மொத்தம் 35 நிமிடம் ஆகிவிட்டது, பிள்ளைகளும் 4 கிலோமீட்டருக்குக் குறையாமல் போய் வருவார்கள். பதினோராவது வாரத்து ஞாயிறு ஒத்திகை. அன்று மட்டும் நேரத்தை விட்டுவிட்டுத் தூரத்தை எடுத்துக்கொள்கிறோம்: போட்டியன்று அணியும் அதே உடை, அதே காலணி, அதே காலை உணவு, இரண்டு சுற்று. பன்னிரண்டாவது வாரத்தில் செவ்வாயும் வியாழனும் 15 நிமிடம் மட்டும்; வெள்ளி, சனி முழு ஓய்வு. கடைசி வாரத்தில் கூடுதலாக ஓடி ஒருவரும் பலம் பெற்றதில்லை.

அரையாண்டுத் தேர்வும் இதே நாட்களில் வருவதை மறக்கக் கூடாது. மறுநாள் காலையில் தேர்வு இருக்கும் பிள்ளை முந்தைய இரவு பத்தரை மணிவரை படித்திருந்தால், அதைக் காலை ஐந்து மணிக்கு எழுப்புவது தவறு. போட்டிக்குப் பதிவு செய்யும் முன்பே பள்ளியின் தேர்வுத் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடாத நாட்களில்

வாரத்தில் இரண்டு நாள், பத்து நிமிடம், வீட்டிலேயே. பத்துத் தோப்புக்கரணம் இரண்டு முறை, மெதுவாக, குதிகால் தரையிலிருந்து எழாமல். வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது பதினைந்து முறை. ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவது காலுக்கு ஒரு நிமிடம். கடைசியில் சொன்னதை முதியவர்கள் கட்டாயம் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சிகள்கூட வேண்டாம். நொண்டி, பாண்டி, கோகோ ஆகிய மூன்றும் கணுக்காலின் உறுதி, துள்ளல், திடீர் வேகம் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். மாலையில் அரை மணி நேரம் தெருவில் விடுங்கள்.

வலி எப்போது எச்சரிக்கை

ஓடத் தொடங்கும்போது தொடையிலும் கெண்டைச்சதையிலும் இருபக்கமும் சமமாக இருக்கும் இறுக்கம் இரண்டு நாளில் போய்விடும். ஒரே பக்கத்தில், ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி வேறு. நடையை மாற்றும் வலி எதுவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதே எங்கள் வீட்டு விதி.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சிப் பகுதிகள் இருக்கின்றன. தசைநார் அங்கே திரும்பத் திரும்ப இழுக்கும்போது வலி வரும். எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் குதிகாலின் பின்பக்கம் வந்தால் அதைச் சீவர் நோய் என்பார்கள். பத்து முதல் பதினைந்து வயதுக்குள் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் இரண்டுமே பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் ஆறிவிடுபவை. ஆபத்து, "சும்மா சாக்குச் சொல்லாதே" என்று நாம் அதட்டுவதில்தான் இருக்கிறது. நொண்டி நடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயிலைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைவாகவே வியர்க்கும். முதியவர்களுக்குத் தாகம் தாமதமாகத் தெரியும். ஓடும்போது தலைவலி, குமட்டல், உளறல், தள்ளாட்டம் எது வந்தாலும் நிழலில் படுக்கவைத்து, உடம்பை நீரால் நனைத்து விசிறி, 108-ஐ அழையுங்கள். நெஞ்சு வலிக்கும் இதே எண்தான்.

சாப்பாடு

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரைத் தவிர எந்தப் பானமும் தேவையில்லை. எழுந்ததும் அரை டம்ளர் தண்ணீர், பாதி வாழைப்பழம். வயிறு கனத்திருந்தால் ஓடும்போது விலாவில் பிடிக்கும். தாகத்துக்குக் குடியுங்கள், கட்டாயப்படுத்தி லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். வந்ததும் உப்புப் போட்ட மோரோ கம்மங்கூழோ, அதன் பின் இட்லியும், முட்டை அல்லது பச்சைப் பயற்றுச் சுண்டலும் இருந்தால் போதுமானது. சத்துமாவு டப்பாக்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னும் ஒரு ஜோடி நல்ல சாக்ஸ் வாங்கலாம்.

வீட்டுப் பெண்களைப் பற்றி ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரண்டாம் ஆண்டு என் மகள் ஆறாவது வாரத்திலிருந்து படியேறக்கூடச் சோர்ந்தாள். சோம்பல் என்று நானே இரண்டு முறை கடிந்துகொண்டேன். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. அந்த ஆண்டு அவள் ஓடவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, அதோடு நெல்லிக்காய் என்று மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பினாள். பயிற்சி தொடங்கும் முன்பே வீட்டுப் பெண்கள் எல்லோரும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் ஓடுவதா வேண்டாமா என்பதை அவரவர் உடல் தீர்மானிக்கட்டும். அதை மறைத்துச் சாக்குத் தேட வேண்டிய நிலை எந்தப் பெண்ணுக்கும் வீட்டில் இருக்கக் கூடாது. பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் தவறினால், சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

போட்டி நாள்

எண் அட்டையை முந்தைய நாளே வாங்கி, நான்கு ஊக்கும் போட்டுச் சட்டையில் குத்தி வைத்துவிடுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் இரத்த வகை, மருந்துகள், வீட்டார் எண் ஆகியவற்றை எழுதுங்கள். பிள்ளையின் முன்கையில் பெற்றோர் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய அட்டையை உறவினருக்குக் கொடுக்காதீர்கள்: மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு பார்ப்பது அந்த அட்டையில் உள்ள பெயரையும் வயதையும்தான். புதிய சட்டை, புதிய சாக்ஸ் எதுவும் அன்று வேண்டாம்.

முக்கால் மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள், கழிப்பறை வரிசைக்கே இருபது நிமிடம் ஆகும். கூட்டத்தின் பின்பகுதியில் நில்லுங்கள். முன்னால் நின்றால் பிள்ளைகளை வேகமான கூட்டம் இடித்துத் தள்ளும். யார் யாரோடு என்பதை முந்தைய இரவே முடிவு செய்துவிடுங்கள்: எங்கள் வீட்டில் கணவரும் மகளும் ஒரு ஜோடி, நானும் மகனும் ஒரு ஜோடி, அம்மாவுடன் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் நடக்கிறார். முடிந்த பின் எங்கே கூடுவது என்பதற்கு, கூட்டத்தில் கைப்பேசி கிடைக்காமல் போகலாம் என்பதால், அசையாத அடையாளம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்.

முதல் கிலோமீட்டர் வாய்ப்பாடு சொல்லும் வேகத்தில் போகட்டும். சுற்றியிருப்பவர்கள் ஓடும்போது ஆறாவது நிமிடத்தில் நடப்பதற்குப் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும். அப்போது நீங்கள் முதலில் நடங்கள், அவன் நடப்பான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். சென்ற ஆண்டு நாலாவது கிலோமீட்டரில் என் மகன், "நீங்க முன்னாடி போங்கம்மா, நான் பின்னாடி வந்துர்றேன்" என்றான். நான் நின்றேன், இருவரும் தண்ணீர் குடித்தோம், ஒரு நிமிடம் நடந்தோம், பிறகு அவனே ஓடத் தொடங்கினான். முடித்தவர்கள் பதக்கத்தை வாங்கிக்கொண்டு குறித்த இடத்துக்குப் போய்விடாமல், பாதையின் ஓரத்தில் நின்று கடைசி ஆள் வரும்வரை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அம்மா 56 நிமிடத்தில் வந்தார். பேரன் ஓடிப்போய்க் கடைசி நூறு மீட்டர் அவரோடு நடந்தான்.

அடுத்த வாரம் ஓட்டமே வேண்டாம், நடை மட்டும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை 20 நிமிடத்தில் மறுபடி தொடங்கலாம். அதற்கு முன், மகனின் காலை ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டு அளந்துவிடுங்கள். செப்டம்பரில் வாங்கிய காலணி ஜனவரியில் கட்டைவிரல் அகலம் விடாது.